பாதம் தெரியாத கொக்கு

"பச்சை வீட்டுப் பிள்ளையச் சொல்லுதேன். கூட நின்னவ போகாத போகாதன்னு சொல்லச் சொல்லக் கேக்கலையாம்லா" என்று குளத்துக் கரையில் காலை நடை போன இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள். "கேட்டிருந்தா இன்னைக்கு எந்திரிச்சு நடமாடிட்டு இருக்கும்" என்றாள் மற்றவள். சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கூட நின்னவள் நான்தான். உடைமரத்தடியில், கழுத்தில் பைனாகுலரும் கையில் படிவம் செருகிய அட்டையுமாக நின்றவளைப் பார்த்தார்கள், ஏதோ தாலுகா ஆபீசிலிருந்து அளக்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள், கொஞ்சம் ஒதுங்கிக்கூடப் போனார்கள். நான் சொன்னது "சொன்னேன்" என்ற ஒரே ஒரு சொல். சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு சொல் ஒரு வருஷத்தில் போகாத போகாத என்று இரட்டித்து, சொல்லச் சொல்ல என்று நீண்டு, எனக்குத் தெரியாத இரண்டு பேருடைய வாயில் செருப்புச் சத்தத்தோடு நடந்துபோகிறது. என் குரல் இவ்வளவு தூரம் எப்போதும் போனதில்லை. கல்லூரியில் வருகைப் பதிவின்போது நான் சொல்லும் பிரசன்ட் மேடம் முதல் பெஞ்சைத் தாண்டாது. பியூலாதான் பக்கத்திலிருந்து, "அவளும் பிரசன்ட் மேடம், நான் கேரண்டி" என்பாள், வகுப்பே சிரிக்கும். "ஏட்டி ஆவுடை, ஒந் தொண்டையில வால்யூம் பட்டன் வைக்காமலே அனுப்பிட்டாங்களா?" என்பாள். குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தப் பச்சை வீடு அவளுடையது. மாடி ஜன்னலில் பழுப்புத் திரை. பாதி விலக்கியிருக்கிறது. நான் வந்தபோதும் பாதிதான் விலக்கியிருந்தது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மணி ஆறு ஐம்பது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. போன வருஷமும் இதே வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான். ஒருங்கிணைப்பாளர் போனில், "அது உங்க குளம்தானம்மா, உங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றார். உங்க என்று அவர் சொன்னது மரியாதைக்கா, என்னையும் பியூலாவையும் சேர்த்தா என்று தெரியாமல் சரி சார் என்றுவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் குரல் வேண்டும். படிவத்தில் நீர்க்காகம் பதினேழு, நாமக்கோழி நாற்பதுக்கு மேல், தாழைக்கோழி ஆறு. இதெல்லாம் கை தானாகவே எழுதுகிறது. கொக்குகளைக் கடைசியாக வைத்திருக்கிறேன், தட்டில் பிடிக்காததை ஓரம் ஒதுக்கி வைப்பதுபோல. அவை மறுகாலில் நிற்கின்றன. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோவதற்குக் கட்டிய கல்தடுப்பு அது. அதன் தலையில் ஆளுயரத்தில் பாதி உயரமுள்ள கற்கள் வரிசையாக நட்டிருக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் வழியும், அந்தப் பக்கம் பத்தடி ஆழத்தில் கல் பாவிய தரை. வழிகிற தண்ணீரோடு மீன்குஞ்சு வரும் என்று கொக்குகளுக்குத் தெரியும். இங்கே நடக்கிறவர்களைக் கேட்டால் வெள்ளையாக இருப்பது எல்லாம் கொக்கு. எனக்கும் முதல் வருஷம் வரை அப்படித்தான். பிறகுதான் நாங்கள் பிரித்துப் பார்க்கப் பழகினோம். பெரிய வெண்கொக்கின் கழுத்தில் எலும்பு முறிந்து ஒட்டியதுபோல ஒரு மடிப்பு இருக்கும், வாயின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுக்கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சளில் முக்கி எடுத்தமாதிரி. உண்ணிக்கொக்கு குட்டை, மாட்டுக்குப் பின்னால் போவது. நாலும் ஒரே இடத்தில், பைனாகுலரைத் திருப்பாமல் ஒரே வட்டத்துக்குள் தெரிய வேண்டும். அதற்குப் பியூலா வைத்த பெயர் நாலு வெள்ளை. மூன்று வருஷம் பார்த்தோம், மூன்று கிடைக்கும், நாலாவது எங்காவது வயலில் போய் நிற்கும். "நாலு வெள்ளையும் சேந்து பாத்த அன்னைக்கு ஒனக்கு ஐஸ்கிரீம் இல்லட்டி, கல்யாணமே பண்ணி வைக்கேன்" என்பாள். இப்போது பெரியது இரண்டு நிற்கின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கம் சின்னது ஒன்று, ஒரு காலைத் தூக்கி மஞ்சளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கல்லின் தலையில் உண்ணிக்கொக்கு மூன்று. எல்லாவற்றுக்கும் நடுவே, முழங்கால் அளவு தண்ணீரில், ஒரு கறுத்த அலகு. சின்னதைவிட உருவம் பெரிதாகத் தெரிகிறது, அல்லது நான் பெரிதாகப் பார்க்கிறேன். கூடு கட்டும் நாளில் நடுக்கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். அப்போது அது சின்னக் கொக்கா நடுக்கொக்கா என்று சொல்வது பாதம்தான், நடுக்கொக்குக்கு அதுவும் கறுப்பு. பாதம் தண்ணீருக்குள் இருக்கிறது.

போன வருஷமும் பாதம் தண்ணீருக்குள்தான் இருந்தது. இதே இடம், இதே உடைமரம், இதே நேரம், வெயில் இன்னும் கல்லின் பக்கவாட்டில் ஏறாத நேரம். பியூலா அன்று மாம்பழ நிறச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். பறவை பார்க்கப் போகிறவள் போடுகிற நிறமா இது என்று நான் கேட்டதற்கு, "கொக்கு கலர் பிளைண்டுட்டி" என்றாள். பொய். கொக்குக்கு நிறம் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். "இனம் தெரியவில்லைன்னு எழுதிட்டு வா, டீ குடிக்கப் போவோம்" என்றாள். படிவத்தின் கடைசிக்கு முந்தைய வரி அது. வெண்கொக்கு, இனம் தெரியவில்லை. அதற்கென்றே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதலாம், யாரும் திட்டப்போவதில்லை, அதற்கு ஒரு கட்டமே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் மூன்று வருஷமாக எங்கள் படிவத்தில் அந்த வரி காலியாகவே போயிருந்தது, அது எனக்குப் பெருமை. பேச வராதவளுக்கு வேறு என்ன இருக்கிறது, கண் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் கூட்டத்தில் ஒருமுறை எங்கள் படிவத்தைத் தூக்கிக் காட்டி, "இப்படிப் பாக்கணும்" என்றார், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், காது சுட்டது, அந்தச் சூடு எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சூட்டுக்காகத்தான் சொன்னேன். "நீ அந்தக் கல்லு மேல கொஞ்சம் முன்னால போயேன். ஆளப் பாத்தாப் பறக்கும். பறந்தா காலப் பாத்துருவேன்." பறவையைக் கிளப்பிவிடக் கூடாது என்பது இரண்டாவது விதி. பியூலா என்னைப் பார்த்தாள். "நீயா சொல்லுத?" என்றாள், சிரித்தாள், செருப்பையும் பைனாகுலரையும் கழற்றிக் கரையில் வைத்தாள். கல்லில் பாசி இருந்தது. எனக்குத் தெரிந்தது, பைனாகுலர் வழியாகப் பாசியின் பச்சை எனக்குத் தெரிந்தது, அந்தப் பச்சைமேல் அவள் கால் போவதை ஒரு நொடி பார்த்தேன், பிறகு வட்டத்தைக் கொக்கின்மேல் திருப்பினேன். கொக்கு எழும்பியது. கால் இரண்டும் தண்ணீரை விட்டு வந்து பின்னால் நீண்டன. மஞ்சள். மஞ்சள் மஞ்சள் என்று மனசுக்குள் சொன்னேன். அந்த நேரத்தில்தான் ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும், கேட்டதாக நினைவில்லை. சின்னக் கொக்கு தெற்கே திரும்புகிறவரை பைனாகுலரை இறக்கவில்லை. இறக்கியபோது கல்வரிசை காலியாக இருந்தது. கரையில் செருப்பு இருந்தது. இதை இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அவள் விழுவதைப் பார்க்க முயல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிவது இரண்டு மஞ்சள் பாதம்தான்.

உண்ணிக்கொக்கு மூன்று என்று எழுதினேன். நான்காவது ஒன்று வந்து உட்கார்ந்தது, அடித்து நான்கு என்று எழுதினேன். போன வருஷம் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசம். அவளுடைய அப்பா செல்வின் அங்கிள் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார், பாக்கெட்டில் டெஸ்டர் இருந்தது. டாக்டர் சொன்னதெல்லாம் முடிந்து, இடுப்புக்குக் கீழே இனி என்று டாக்டர் தொடங்கி முடிக்காமல் விட்டதும் முடிந்து, அங்கிள் என் பக்கம் திரும்பினார். "போகாதன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியாம்மா?" அதில் குற்றச்சாட்டு இல்லை. கேட்க வேறு எதுவும் இல்லாமல் கேட்டார். நான் "சொன்னேன்" என்றேன். அது பதிலாக வாயிலிருந்து வந்ததா, வாயைத் திறந்ததும் காற்று அந்த உருவத்தில் வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் தலையாட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். "நாங்க கம்பத்துல ஏறுறப்போ கீழ ஒருத்தன் நிப்பான்மா. லைன் ஆஃப்னு அவன் சொன்னாத்தான் மேல உள்ளவன் கம்பியத் தொடுவான். கீழ நிக்கவன் சொல்ல மதிக்காதவன் வீடு திரும்ப மாட்டான். நீ சொல்லியிருக்க. இவ மதிக்கல." கீழே நின்றவள். அவருக்கு என் மேல் நன்றிகூட இருந்தது. பத்தாம் நாள் வார்டில், அவளுடைய கட்டிலுக்கு முன்னாலேயே இதைத் திரும்பச் சொன்னார், அவளிடமே சொன்னார், "இந்தப் பிள்ள எடுத்துச் சொல்லியிருக்கு, நீ ஏன்ளா கேக்கல?" என்று. நான் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது கம்பி. இப்போது சொல்லிவிடுவாள், சொல்லட்டும், சொல்லிவிட்டால் நல்லது என்று இருந்தது, சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது, இரண்டும் ஒரே அளவில் இருந்தன. பியூலா என்னைப் பார்த்தாள். மறுகால் கல்லில் ஏறுமுன் பார்த்தாளே, அப்படி இல்லை. ஒரு பறவையை முதன்முதலாகப் பார்க்கும்போது அவள் கண்ணைச் சுருக்கி வைப்பாள், அப்படிப் பார்த்தாள். "ஆமாப்பா" என்றாள். "போகாதன்னுதான் சொன்னா." பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணக்கெடுப்பில் முதல் விதி, அபூர்வமான எதையும் இரண்டு பேர் பார்க்காமல் எழுதக் கூடாது. ஒருத்தி பார்த்தது சந்தேகம், இரண்டு பேர் பார்த்தால் பதிவு. அன்றைக்கு என் பொய் பதிவாகிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாள்? என்னைக் காப்பாற்றவா, என்னோடு இனிமேல் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்பதற்காகவா? இதுவும் பாதம் தெரியாத கொக்குதான், நின்ற இடத்தில் நிற்கிறது, எப்படிப் பார்த்தாலும் பிரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தூங்குகிறாள் என்றார்கள், அல்லது தூங்கினாள். இரண்டாம் முறை வாசலில் அங்கிள் இந்தப் பைனாகுலரைக் கொண்டுவந்து என் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். "வீட்ல கெடந்தா பாத்துப் பாத்து அழுதா. நீ வச்சுக்கம்மா. ஒனக்காவது ஒதவட்டும்." அவளைக் கேட்டுத்தான் தந்தாரா என்று நான் கேட்கவில்லை. அதன் வாரில் அவள் பேனாவால் எழுதிய பியூலா என்ற எழுத்து இருக்கிறது, வியர்வையில் லா மட்டும் கலைந்துவிட்டது. என்னுடையது லென்ஸில் பூஞ்சை பிடித்தது, வீட்டில் கிடக்கிறது. ஆக இந்த ஒரு வருஷமாக அவள் கண்ணால்தான் நான் பார்க்கிறேன். இப்போது அதை அந்த ஜன்னல் பக்கம் திருப்பினால் திரைக்கு உள்ளே தெரியுமா? கட்டிலை ஜன்னலோரமாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அங்கிள் வீட்டு ஆன்ட்டி போனில் என் அம்மாவிடம் சொன்னாராம். அப்படியானால் அவளுக்கு மறுகால் தெரியும். கொக்குகள் தெரியும், வெள்ளைப் புள்ளிகளாக. எத்தனை இனம் என்று தெரியாது, அதற்கு இது வேண்டும், இது என் கழுத்தில் இருக்கிறது. உடைமரத்தடியில் ஒருத்தி நிற்பதும் தெரியும். யார் என்று தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம், நான் நிற்கும் விதத்தை வைத்தே அவள் சொல்லிவிடுவாள், ஒரு தோளை இறக்கித்தான் நிற்பேன், குருட்டுக்கொக்கு மாதிரி என்பாள். குருட்டுக்கொக்கும் இதே குடும்பம்தான். உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், பக்கத்தில் போகிறவரை இருப்பதே தெரியாது, பறந்தால் பளீரென்று வெள்ளை. அதோ கரையோரச் சகதியில் ஒன்று இருக்கிறது, நான் வந்த நேரத்திலிருந்து அசையவில்லை. போனை எடுத்தேன். அவள் பெயருக்குக் கீழே கடைசியாக இருப்பது போன வருஷம் காலை ஐந்தரைக்கு அவள் அனுப்பியது, எந்திச்சிட்டியாட்டி. அதற்கு நான் ம் என்று போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே, நாலு வெள்ளையும் நிக்குட்டி, ஜன்னல்கிட்ட பாரு என்று அடித்தேன். பார் என்று எப்படிச் சொல்வது, அவளைத் தூக்கி உட்காரவைக்க ஆன்ட்டி வர வேண்டும். அழித்தேன். நாலாவது சந்தேகம் என்று அடித்தேன். அழித்தேன். நான்தான் போகச் சொன்னேன் என்று அங்கிளிடம் சொல்லப்போகிறேன் என்று அடித்தேன். அது உண்மையில்லை, அப்படி எதுவும் சொல்லப்போவதில்லை, ஏழரைக்கு இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்று நேற்றே கணக்குப் போட்டிருந்தேன். முதல் ஆராதனை ஏழே முக்காலுக்கு முடியும், அங்கிள் கரை வழியாகத்தான் நடந்து வருவார். அதையும் அழித்தேன். கட்டைவிரல் குளிர்ந்திருந்தது. ஒரு வருஷம் போய்விட்டது, இனிமேல் சொன்னால் எதற்குச் சொல்கிறாய் என்பார்கள், அவள் நடக்கப்போகிறாளா, யாருக்கு என்ன கிடைக்கும், எனக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும், அதற்காக அவள் அப்பாவிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்குவதா. சொல்லாவிட்டால் அந்த இரண்டு பெண்களும் நடப்பார்கள், சொல்லச் சொல்லக் கேக்கலையாம் என்று வருஷா வருஷம் நடப்பார்கள், அவள் ஜன்னலுக்கு உள்ளே கிடப்பாள், அடங்காத பிள்ளையாக. கால் போனதோடு அந்தப் பேரும். மணி ஏழு ஐம்பது. ஏழரை போய்விட்டது. கறுத்த அலகுக்காரனைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், இந்த வருஷமும்.

இனம் தெரியவில்லை என்ற வரியில் பேனாவை வைத்தேன். ஒன்று என்று எழுத வேண்டியதுதான், ஒரே ஒரு கோடு. கை போகவில்லை. இன்னும் ஒரு நிமிஷம், அதுவாக ஒரு காலைத் தூக்காதா என்று அப்போதும் இருந்தது எனக்கு, அதை நினைத்தால் என்னை எனக்கே பயமாக இருக்கிறது. கரையில் ஆள் வரும் சத்தம். வெள்ளை வேட்டி, ஜிப் வைத்த உறையில் பைபிள், வேகமில்லாத நடை. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கலாம், உடைமரம் அத்தனை அகலமில்லை. அவர் மறுகால் பக்கம் வந்ததும் கொக்குகள் எழும்பின, எல்லாம் சேர்ந்து, தலைக்கு மேலே வெள்ளையாக. பைனாகுலரை நான் தூக்கவில்லை. நாலாவது எந்தப் பக்கம் போனது என்றுகூடப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"யாரு, ஆவுடையா? இம்புட்டுத் தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிருவியோ?"

"அங்கிள்."

"வா, ஆன்ட்டி ஆப்பம் சுடுவா. அவளும் எந்திரிச்சிருப்பா."

"அங்கிள், நான்தான் போகச் சொன்னேன்."

"என்னம்மா? சத்தமாச் சொல்லு, காத்தடிக்கி."

"பியூலாவ. அந்தக் கல்லு மேல. போகாதன்னு நான் சொல்லல. போன்னுதான் சொன்னேன்."

அந்த இரண்டு பெண்களும் கரைக் கோடி வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அங்கிள் அவர்களுக்கு வழிவிட்டு நின்றார். "என்ன அண்ணாச்சி, கோயில் முடிஞ்சுதா? பிள்ள எப்படியிருக்கு?" என்றாள் ஒருத்தி. "இருக்கா" என்றார். அவர்கள் போய்ச் செருப்புச் சத்தம் ஓயும்வரை மறுகால் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எங்கிட்ட வேற மாதிரி சொன்னாளே."

"தெரியும் அங்கிள்."

"எதுக்குப் போகச் சொன்ன?"

"ஒரு கொக்கு நின்னுச்சு. கால் தண்ணிக்குள்ள இருந்துச்சு. பறந்தாத்தான் காலு கலரு தெரியும்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்ன கலரு?"

"மஞ்சள்."

அவர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் என் கழுத்திலிருந்து வாரைத் தூக்கினார். பின்கழுத்தில் முடி சிக்கிக்கொண்டது. நிறுத்தி, ஒவ்வொரு முடியாக விரலால் எடுத்துவிட்டார். பிறகு வாரைப் பைனாகுலரின்மேல் கம்பி சுற்றுவதுபோல நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் செருகிக்கொண்டு, கரையிலிருந்து இறங்கிப் பச்சை வீட்டுப் பக்கம் நடந்தார்.